நாலாம் படுக்கைக்கு வழி

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சர்வரக்கா என்று பெயர். வைத்தது நர்சுகள். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்று யாரோ ஒரு தடவை அறிமுகப்படுத்தப்போக, அன்றிலிருந்து அவள் வார்டுக்குள் தலையை நீட்டினாலே, "சர்வரக்கா, ரெண்டு காபி, ஒண்ணுல சர்க்கரை வேணாம்" என்று ஒரு குரல் வரும். அவளும் விடமாட்டாள். "காபி தீந்துபோச்சு. எர்ரர்தான் இருக்கு, சூடா கொண்டாரவா?" என்பாள். பதினோரு வருஷமாக இதே பேச்சு, இதே சிரிப்பு.

கணினிப் பிரிவில் மொத்தம் மூன்று பேர். அவள், பிரிண்டர்களோடு மல்லுக்கட்டும் ஒரு டெக்னீஷியன், அப்புறம் மேலாளர். மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு: 'ஒண்ணுமில்ல சார்'. எது உடைந்தாலும், எது எரிந்தாலும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பார். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று கட்டடங்கள். தலைமைக் கட்டடம், ஆற்றுக்கு இந்தப்பக்கம். ஆற்றோரக் கட்டடமும் மேட்டுக் கட்டடமும் பாலத்தைத் தாண்டி அந்தப்பக்கம். ஒரு நோயாளியைச் சேர்த்ததும் வீட்டாரின் போனுக்கு ஒரு செய்தி போகும். அதில் இருக்கும் இணைப்பைத் தொட்டால், எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த வார்டு, எந்தப் படுக்கை என்று படம் போட்டுக் காட்டும். அந்தப் பக்கத்தைக் காட்டும் நிரலுக்கு 'வழி' என்று பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன் அதை எழுதியவள் அவள்தான்.

முகவரி இப்படி இருக்கும்: முதலில் ஆஸ்பத்திரியின் பெயர், அதன்பின் /வழி/ஆற்றோரம்/3/தீவிரம்/4. சர்வர் இதை முன்னாலிருந்து துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு வரும். 'வழி' என்று ஒரு கோப்பு இருக்கிறது, அது ஓடக்கூடிய நிரல் என்று தெரிந்ததும் தேடல் அங்கே நின்றுவிடும். 'ஆற்றோரம்' என்றோ 'தீவிரம்' என்றோ அதற்கப்புறம் எந்தக் கோப்பும் கிடையாது. அவை மிச்சம். அந்த மிச்சத்தைச் சர்வர் அப்படியே நிரலின் கையில் கொடுக்க வேண்டும். நிரல் அதைப் பிரித்துப் பார்த்து, ஆற்றோரக் கட்டடம், மூன்றாம் மாடி, தீவிர சிகிச்சை, நாலாம் படுக்கை என்று புரிந்துகொண்டு படத்தைக் காட்டும்.

மிச்சம் எதுவும் வராவிட்டால் என்ன செய்வது என்றும் அவள் அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தாள். அப்போது ஆஸ்பத்திரிக்கு இருந்ததே ஒரு கட்டடம். ஆகவே, ஒன்றும் வராவிட்டால் தலைமைக் கட்டடத்தின் வாசலைக் காட்டு. வருகிறவர் உள்ளே வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் புதியதை இயக்கத்துக்குக் கொண்டுவந்தாள். புதியதில் எதுவும் தானாக நடக்காது, ஒவ்வொன்றையும் சொல்லித் தரவேண்டும். முகவரியை எந்த இடத்தில் இரண்டாக வெட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதினாள். வெட்டிய பின்பாதியை நிரலிடம் கொடு என்று இன்னொரு வரி எழுத வேண்டும். அதை எழுதவில்லை. எழுதியதாக நினைத்துக்கொண்டாள்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. பட்டியலில் மேலே இருந்த ஐந்து நோயாளிகளின் இணைப்புகளைத் திறந்து பார்த்தாள். ஐந்து பேரும் தலைமைக் கட்டடத்தில் இருந்தவர்கள். ஐந்து முறையும் தலைமைக் கட்டடத்தின் படம் வந்தது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் மாடியும் படுக்கை எண்ணும் வரவேண்டிய வரி மட்டும் இல்லை. அவள் கண் அந்த இடத்தைத் தாண்டிப் போனதே தவிர நிற்கவில்லை.

"எல்லாம் ஓடுதா?" என்று கேட்டார் மேலாளர்.

"ஓடுது சார்."

மூன்று மணிக்கு மேல் தலைமைக் கட்டடத்து ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது. "என்னக்கா இது, காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாம் இங்கேயே வந்து நிக்கிறாங்க? மேட்டுக் கட்டடத்துப் பிரசவ கேஸைக்கூட இங்கதான் தேடுறாங்க. உங்க மேப்புக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

அவளுக்குப் புரிய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. விட்டுப்போன வரியை எழுதினாள். மூன்று நாற்பதுக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "சரி பண்ணிட்டீங்கல்ல? அப்புறம் என்ன, ஒண்ணுமில்ல." அறிக்கைப் படிவத்தில் 'பாதிப்பு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எத்தனை பேர் அலைந்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் வீட்டுக்குப் போகமுடியவில்லை. சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். நிரலின் கையில் கொடுக்காமல் விட்ட மிச்சத்தை, சர்வர் தன் பதிவேட்டில் மட்டும் ஓர் எழுத்து விடாமல் எழுதி வைத்திருந்தது. யார் எந்தப் படுக்கையைத் தேடினார்கள் என்பது அத்தனையும் அதில் இருந்தது. நாற்பத்தெட்டு இணைப்புகள். பெரும்பாலும் ஒரு தடவை, இரண்டு தடவை திறந்திருந்தார்கள். ஒன்று மட்டும் ஒன்பது தடவை.

/வழி/ஆற்றோரம்/3/தீவிரம்/4. மதியம் ஒன்று பத்துக்கு, ஒன்று பன்னிரண்டுக்கு, ஒன்று பதின்மூன்றுக்கு. அப்புறம் ஒன்று முப்பத்தொன்றுக்கு. அப்புறம் ஒன்று ஐம்பத்திரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் ஐந்து தடவை. அதற்குமேல் இல்லை.

மறுநாள் காலை அவள் ஆற்றோரக் கட்டடத்துக்குப் போனாள். மூன்றாம் மாடி. தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் அவளைப் பார்த்ததும் காபி கேட்க வாயைத் திறந்தவள், முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நாலாம் படுக்கையில யாரு?"

"இப்ப யாருமில்ல. நேத்து ஒரு அம்மா இருந்தாங்க. ரெண்டே முக்காலுக்குத் தவறிட்டாங்க. ஏன்க்கா?"

"அவங்களைப் பாக்க யாராவது வந்தாங்களா?"

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "அதை ஏன் கேக்கறீங்க. பொண்ணு ஒருத்தி கூடவே இருந்தா, இருபது வயசு இருக்கும். அப்பா வெளியூர்ல வேலைக்குப் போயிருந்தவரு, பஸ் பிடிச்சு ஓடி வந்திருக்காரு. அந்தம்மா ரெண்டு மணி வரைக்கும் நல்லா நினைவோடதான் இருந்தாங்க. 'உங்கப்பா வந்துட்டாரா, வந்துட்டாரா'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. அவரு போன் பண்ணி, வந்துட்டேன், ரிசப்ஷன்ல நிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. பொண்ணு கூட்டிட்டு வரக் கீழ ஓடிச்சு. ஆளைக் காணோம். வாசல், கேன்டீன், பார்க்கிங்னு தேடியிருக்கா. அப்புறம்தான் தெரியுது, மனுஷன் தலைமைக் கட்டடத்துல போய் நிக்கிறாரு. அவ மேல ஓடி வர்றதுக்குள்ள அந்தம்மாவுக்கு மூச்சுத் திணறி, நாங்க குழாய் போட்டுட்டோம். அதுக்கப்புறம் அவங்க கண்ணே திறக்கல. அவரு பாலத்தைத் தாண்டி வந்து சேரும்போது மணி மூணு."

"பஸ் ஸ்டாண்டு இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துலதானே இருக்கு?" என்று கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும். நடந்தால் பத்து நிமிஷம்.

"அதான் கொடுமை. இந்த வராந்தாவுலயே அந்தப் பொண்ணு அவரை நிக்க வெச்சுக் கேட்டா பாருங்க. 'ஒரு படத்தைப் பாத்து ஒரு எடத்துக்கு வரத் தெரியாதாப்பா உனக்கு?'ன்னு. அந்த மனுஷன் போனை எடுத்து எடுத்துப் பாத்துட்டு, தப்பாப் பாத்துட்டேன்போல, தப்பாப் பாத்துட்டேன்போலன்னு அதையே சொல்லிட்டிருந்தாரு."

எத்தனை மணிக்கு வந்திருந்தாலும் அந்த அம்மா பிழைத்திருக்கமாட்டார் என்றும் நர்ஸ் சொன்னாள். ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். படிக்கட்டில் இறங்கும்போது சர்வரக்கா கணக்குப் போட்டாள். ஒன்று இருபதுக்கு அவர் உள்ளே நுழைந்திருப்பார். நினைவு தப்பியது இரண்டுக்கு மேல். நாற்பது நிமிஷம். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நாற்பது நிமிஷத்தில் என்னென்ன பேசியிருப்பார்கள்?

மேலாளரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு 'ஒண்ணுமில்ல' என்று அவர் வாயில் வரவில்லை. "இப்ப போய்ச் சொன்னா போன உயிர் திரும்பி வருமாம்மா? நீங்களும் மாட்டுவீங்க, நானும் மாட்டுவேன். விட்டுருங்க" என்றார்.

பதினாறு நாள் விட்டாள். வேலைக்கு வந்தாள், போனாள். பயம்தான், வேறு பெயர் வைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம், அதைவிட அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்ற பயம்.

பதினேழாம் நாள் காலை, முந்தின ராத்திரி அவள் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டிருந்த கணவன், ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி நிமிராமலே கேட்டான். "அந்தாளு தன்னையே திட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு இல்ல?"

"ஆமாங்க."

"செய்யாத தப்புக்கு."

அவன் பாலிஷ் டப்பாவை மூடினான்.

"நீ போறதுன்னா நாளைக்கு, சனிக்கிழமை போ. பசங்களை நான் பாத்துக்கறேன்."

நோயாளியின் வீட்டு முகவரியைக் கோப்பிலிருந்து எடுப்பது விதிப்படி குற்றம். எடுத்தாள். இரண்டு மணி நேர பஸ் பயணம். கடைத்தெருவில் கீழே கண்ணாடிக் கடை, மாடியில் வீடு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பெரிய மேசைமேல் ஜன்னல் கண்ணாடியைப் படுக்கவைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த கட்டரால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் பழைய வெட்டுத் தழும்புகள். கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வாங்கம்மா. ஜன்னலா, மேசையா?"

"ரெண்டும் இல்லண்ணா. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன்."

அவர் கட்டரைக் கீழே வைத்தார். ஏதோ கையெழுத்து மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்போலும், துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரமாகக் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

"அன்னைக்கு உங்க போன்ல வந்த படம் தப்புண்ணா. நீங்க தப்பாப் பாக்கல. அது தப்பாக் காட்டிச்சு. அது என் வேலை. நான் செஞ்ச தப்பு."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அந்தச் செய்தியைத் தேடி அவள்முன் நீட்டினார். அழிக்காமல் வைத்திருந்தார்.

"இதுல எப்படித் தப்பு வரும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

அவள் மேசைமேல் இருந்த அளவுச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு முகவரியை எழுதினாள். 'வழி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கோடு கிழித்தாள். "இது வரைக்கும் வீடு மாதிரி. வீட்டைக் கண்டுபிடிச்சதும், கோட்டுக்குப் பின்னாடி இருக்கறதை உள்ள இருக்கறவங்ககிட்டக் குடுக்கணும். ஆற்றோரம், மூணாம் மாடி, தீவிரம், நாலாம் படுக்கை. அதைக் குடுன்னு நான் எழுதி வெச்சிருக்கணும். எழுதல. அதனால வீட்டைக் கண்டுபிடிச்சுது, நீங்க கேட்டதைக் கீழ போட்டுருச்சு. எதுவுமே கேக்காதவங்களுக்குக் காட்டற படத்தை உங்களுக்குக் காட்டிச்சு."

அவர் அந்தத் துண்டுச் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோட்டுக்குப் பின்னால் இருந்த ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துப் படித்தார். கடைசி எண்ணில் விரல் நின்றது.

"அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்."

"ஒன்பது தடவை கேட்டிருக்கீங்கண்ணா. ஒன்பது தடவையும் சரியாத்தான் கேட்டீங்க."

"பஸ் ஸ்டாண்டுல நின்னப்ப கொஞ்ச தூரத்துலயே ஒரு ஆஸ்பத்திரி போர்டு தெரிஞ்சுதும்மா. இதாத்தான் இருக்கும்னு மனசு சொல்லிச்சு. படம் ஆத்துக்கு அந்தப்பக்கம்னு காட்டுது. படிச்சவங்க போட்ட படம், நமக்கென்ன தெரியும்னு வண்டி ஏறிட்டேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

மாடிப்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாளோ, கேட்கவேண்டியதெல்லாம் கேட்டிருந்தாள்.

"பதினெட்டு நாள் கழிச்சு வந்து சொல்றீங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"இந்தப் பதினெட்டு நாளும் நான் அவர்கூடப் பேசல. சாப்பாட்டைத் தட்டுல வெச்சுட்டு மேல போயிடுவேன். அம்மா கேட்டுட்டே இருந்தாங்க. நான்தான் கீழ தேடப் போனேன். அவங்க கூட அந்த நேரத்துல நானும் இல்ல. தெரியுமா உங்களுக்கு? யாருமே இல்ல."

அவள் மாடிப்படிப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"போயிடுங்க" என்றாள் மகள்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "இரும்மா, தண்ணியாவது..."

"வேணாம்ப்பா. அவங்க போகட்டும்."

அவள் போவதற்குமுன் ஒன்று செய்தாள். தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதி மேசைமேல் வைத்து, "புகார் குடுங்க. நான் வந்து நடந்ததை நடந்தபடி சொல்றேன்" என்றாள்.

புகாரை மகள் கொடுத்தாள். விசாரணை இரண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், தலைமைக் கட்டடத்தின் கூட்ட அறையில் நடந்தது. மேலாளரின் அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். 'பாதிப்பு: இல்லை.' அதற்குப் பக்கத்தில் அவள் அச்செடுத்துக் கொடுத்த பதிவேட்டின் ஒன்பது வரிகள். விசாரணை அதிகாரி ஒருவர், "இந்த வரிகளை நீங்க காட்டலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே?" என்று கேட்டார். பாராட்டா, குத்தலா என்று அவளுக்குப் புரியவில்லை. "ஆமாம் சார்" என்றாள். ஒன்பது வருஷத்துக்கு முன் எழுதிய அந்த ஒற்றை வரியைப் பற்றியும் அவளாகவே சொன்னாள். அதை எடுத்தாகிவிட்டது, இப்போது ஒன்றும் வராவிட்டால் பக்கம் எந்தப் படத்தையும் காட்டாது, 'எங்களுக்குத் தெரியவில்லை, இந்த எண்ணை உடனே அழையுங்கள்' என்றுதான் சொல்லும் என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரரிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார். சொல்ல நிறைய இருந்தமாதிரிதான் இருந்தது. "அவ என்ன சொல்ல இருந்தாள்னு தெரியல. அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி மன்னிப்புக் கடிதம் கொடுத்தது. மேலாளருக்கு முன்கூட்டியே ஓய்வு. அவளுக்கு ஒரு மாதம் தற்காலிக வேலைநீக்கம், அதன்பின் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றல். சர்வர் அறைச் சாவியை அன்று மதியமே டெக்னீஷியனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, "பாஸ்வேர்டெல்லாம் நோட்டுல இருக்காக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வாசல் நிறுத்தத்தில் அப்பாவும் மகளும் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்க, மகள் வெயிலை மறைத்துக்கொண்டு அவர்முன் நின்றிருந்தாள். அவளைக் கண்டதும் மகள்தான் இரண்டடி முன்னால் வந்தாள்.

"என்னால உங்களை மன்னிக்க முடியல" என்றாள்.

"வேண்டாம்மா."

"அப்பாவையும் முழுசா முடியல. அவர் மேல தப்பில்லன்னு தெரியுது. தெரிஞ்சும் கோவம் வருது. அன்னைக்கு அந்த வராந்தாவுல நான் கேட்டதை எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல." கண்ணீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. "ராத்திரியெல்லாம் அவர் எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. நானும் போய்ப் பக்கத்துல உக்காந்துக்கறேன். பேசறதில்ல."

பஸ் வந்தது. மகள் திரும்பிப் போய் அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் படியில் கால் வைத்தவர், திரும்பி இவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கதவு மூடிக்கொண்டது. இருவரும் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார்கள். மகள் ஏதோ கேட்க, அவர் பதில் சொல்வது கண்ணாடி வழியே தெரிந்தது.

அவள் போகவேண்டிய பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுகோடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.